கொடுத்த மாத்திரை உள்ளே போனதா?

(ரிஷிவந்தியம் ஒன்றியக் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரம் ஒருநாள் நம் பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரை வழங்குகிறோம். வழங்கியதும் பதிவேட்டில் ஒரு குறி இடுகிறோம். அந்தக் குறிக்கு என்ன பொருள்? ‘கொடுத்தேன்’ என்பதா, ‘மாணவி விழுங்கினாள்’ என்பதா? இதே கேள்வியை 1950களிலேயே சென்னையில் ஓர் ஆய்வுக் குழு எழுப்பியது.

அந்நாளில் காசநோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து சானடோரியத்தில் சேர்ப்பதே வழக்கம். ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயர் அதன் நினைவாக இன்றும் நிற்கிறது. ஆனால் நோயாளிகள் எத்தனையோ பேர். படுக்கைகளோ மிகச் சில. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே சிகிச்சை. மறு பிரிவினருக்கு சானடோரியத்தில். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம்.

முடிவு 1959இல் வெளிவந்தது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத ஏழை வீடுகளிலும் ஏறத்தாழ அதே அளவு குணம் கிடைத்திருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு இது. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நமக்கான பாடம் இனிமேல்தான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தை நோயாளி உண்டாரா என்று அக்குழு சும்மா நம்பிவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இருமல் நின்றதும் பலர் மருந்தை விட்டுவிடுவது தெரிந்தது. வயிற்றைப் புரட்டியதால் நிறுத்தியவர்களும் உண்டு. அதற்காக நோயாளிகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல், 1960களில் வாரம் இருமுறை ஊழியர் கண்ணெதிரே மருந்து தரும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள்.

நம் பிள்ளைகளும் அப்படித்தான். இரத்தசோகை வலிப்பதில்லை, எனவே மாத்திரை எதற்கு என்று தோன்றும். ஒருமுறை குமட்டினால், அடுத்த வாரம் அது பாவாடைப் பையிலோ ஜன்னலுக்கு வெளியிலோ போய்விடும். பதிவேடு நிறைந்திருக்கும், பிள்ளை சோர்ந்தே இருப்பாள்.

எனவே சில சிறிய செயல்கள். மதிய உணவு உண்டபின், தண்ணீருடன், நம் கண்ணெதிரே விழுங்கச் செய்வோம். வெறும் வயிற்றில் வேண்டாம். மலம் கருப்பாகப் போகலாம், அது ஆபத்தில்லை என்று முன்பே சொல்லிவிட்டால் பயமும் வதந்தியும் குறையும். காய்ச்சலாக இருக்கும் பிள்ளையையும், வேறு மருந்து உண்ணும் பிள்ளையையும் கேட்டறிந்து, சுகாதார ஊழியரிடம் கலந்த பின்பே கொடுப்போம். குடற்புழு நீக்க மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். அதை மென்று விழுங்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பெற்றோருடன் வெளியூர் வேலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைகளின் விடுபட்ட வாரங்களைத் தனியே குறித்து வைப்போம்.

மறுநாள் காலை வருகைப்பதிவின்போது, “நேற்று மாத்திரை போட்டபின் எப்படி இருந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்போம். தொல்லை ஏதும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்போம். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உள்ளது.

மாத்திரையை அரசு பள்ளிவரை கொண்டுவந்துவிடுகிறது. பிள்ளையின் கையிலிருந்து வாய்வரை உள்ள தூரம் நம் பொறுப்பு. விழுங்கியதைப் பார்த்த பிறகே குறி இடுவோம்.