பூங்காவுக்குள் போகலாமா?
(கொட்டச்சேட்டில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூங்கா பத்திப் பேசப் போறேன்னதும் சிலர் சிரிச்சீங்க. கூலி, பட்டா பத்திப் பேச வேண்டிய இடத்துல பூங்காவான்னு. கொஞ்சம் கேளுங்க.

1979இல் அப்பா என்னை மெட்ராசுக்குக் கூட்டிப் போனார். எனக்கு எட்டு வயது. சென்ட்ரலில் இறங்கினால் எதிரே பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா. உள்ளே மிருகக்காட்சி சாலை. உயிர்க் காலேஜ் என்பார்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். புலி பார்க்கணும் என்று நான் குதிக்கிறேன். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். டிக்கெட் கொடுப்பவரிடம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “நாங்க உள்ளே போலாங்களா சாமி?”

அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காசு குடுத்தா போ. இன்னா கேள்வி இது?”

அது என்ன கேள்வி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா வேலை செய்த எஸ்டேட்டில் பங்களாத் தோட்டத்து ரோஜாவுக்குக் குழி வெட்டினதும் எரு போட்டதும் அவர்தான். லைன் வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலியைத் தாண்டினால் மேஸ்திரி குச்சியோடு வருவான். பூ இருக்கிற இடம் நமக்கில்லை என்பது அப்பாவுக்கு உடம்பில் ஏறிப்போன பாடம். 1820களில் காக்பர்ன் கலெக்டர் காப்பியைக் கொண்டு வந்ததிலிருந்து இந்த மலையில் வேலிதானே வளர்ந்தது? மலையாளி சனங்களைக் கேளுங்க, இன்னும் நல்லா சொல்வாங்க.

அன்றைக்குப் புலி பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருப்பது புலி அல்ல, அப்பா புல்லில் உட்கார்ந்தது. முதலில் ஓரமாக. பிறகு காலை நீட்டி.

பெரியவனான பிறகு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் அந்தப் பூங்காவைத் தேடினேன். காணோம். 1859இல் கவர்னராக வந்த டிரெவெலியன் போட்டது அது. அயர்லாந்துப் பஞ்சத்தில் சனங்கள் சாகும்போது நிவாரணத்துக்குக் கணக்குப் பார்த்தவர் என்று பேர் வாங்கிய மனிதர்! இங்கே மக்களுக்கென்று 116 ஏக்கர் ஒதுக்கினார். அதில் டவுன் ஹால் வந்தது, 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. அதே வருடம் மிருகங்கள் வண்டலூருக்குப் போய்விட்டன. மிச்சம் ஒரு துண்டு. பேரில் இருந்த மக்கள் எங்கே? பக்கத்தில் கண்ணப்பர் திடல். நடைபாதையிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை 2002 வாக்கில் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அங்கேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பெரியவர்களானார்கள்.

இன்னொன்று. அந்தப் பூங்கா மண்ணில் எழுந்த டவுன் ஹாலில்தான் 1895இல் பறையர் மகாஜன சபை கூட்டம் போட்டது. இரட்டைமலை சீனிவாசன் காலம். சேரியில் அல்ல, பட்டணத்துப் பெரிய மண்டபத்தில். பிறகு அவரும் வீரையனும் உறுப்பினர்களாக இருந்த சென்னை சட்டசபையில் 1924இல் தீர்மானம்: பொதுத் தெரு, கிணறு, குளம், சனங்கள் கூடும் இடம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது. அண்ணல் எழுதிய சட்டத்தில் 15ஆவது பிரிவையும் படிச்சுப் பாருங்க. கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை வரிசையில் பொதுமக்கள் கூடும் இடமும் இருக்கு. பூங்கா அதுலதான் வருது.

அப்பா கேட்ட கேள்விக்கு 1925லேயே அரசு ஆணை போட்டுப் பதில் சொல்லியாச்சு. ஐம்பது வருஷம் கழிச்சும் அந்தப் பதில் மலை ஏறி எங்க லைன் வீட்டுக்கு வந்து சேரல.

அப்பா இப்போ இல்லை. கடைசி வரைக்கும் ஏற்காடு ஏரிப் பக்கம் போனா, பூங்கா வாசல்ல என்னை உள்ளே அனுப்பிட்டு வெளியிலதான் நிப்பார். “நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு, நான் செருப்பைப் பாத்துக்கறேன்”னுவார். செருப்பு என் கால்லதான் இருக்கும்.