ஆனந்தமங்கலத்து ஐந்து கழஞ்சு
(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரசின் ஆதரவு உள்ள நாளில் ஒரு நெறியைப் பின்பற்றுதல் எளிது. அவ்வாதரவு விலகி, ஊரும் வேறு திசை திரும்பிய பின்னர் எது நிலைக்கும்? இவ்வினாவிற்குத் தொண்டைநாடே விடை கூறுகின்றது.

பல்லவன் சிம்மவர்மன், திருப்பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவர்க்கு ஓர் ஊரையே வழங்கினான் எனப் பள்ளன்கோயில் செப்பேடு மொழியும். அவன் பெயரன் மகேந்திரவர்மனோ சமண நெறி நீங்கிச் சைவம் தழுவினான் என்பது மரபு. ஊர்க்கொடை அளித்த குலமே இரண்டு தலைமுறைக்குள் மாறிற்று.

ஆயினும் அறம் அழிந்ததா? மதுராந்தகம் வட்டாரத்து ஆனந்தமங்கலப் பாறையை நோக்குக. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் அவ்விடத்தே, முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது, கி.பி. 945. வினபாசுர குரவடிகளின் மாணாக்கர் வர்த்தமானப் பெரியடிகள், ஜினகிரிப்பள்ளியில் நாள்தோறும் ஒருவர்க்கு உணவளிக்க ஐந்து கழஞ்சு பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. கொடுத்தவர் மன்னர் அல்லர். உண்பவரும் ஒருவரே. மகேந்திரன் காலத்திற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அச்சிறு கொடை நெறியைத் தாங்கியது.

செஞ்சிப் பகுதியில் துன்பம் நேர்ந்த காலத்தில் பலர் நீறணிந்து உயிர் காத்தனர் என்பது நம் முன்னோர் சொல்லி வந்த செய்தி. திண்டிவனத்தருகே ஒருவர், பொழுது சாயுமுன் குளத்து நீரை வடிகட்டிப் பருகியதாலேயே சமணர் என அறியப்பட்டுப் பிடிபட்டாராம். பெயராலன்றி ஒழுக்கத்தால் அறியப்பட்டார் அப்பெரியார். எனினும் அச்சத்தால் மாறியோரை இகழ்தல் கூடாது. அவர்களும் நம் குருதியே. அவ்விகழ்ச்சியும் இம்சையே ஆகும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் அஜிதநாதர் புராணக் கதையைக் கண்டார் மயிலை சீனி. வேங்கடசாமி, பிறர் வேறு கூறுவர். ஆங்கே ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். உள்ளத்தில் இல்லாத நோன்பு எவ்வளவு உயர்ந்து நின்றாலும் நோன்பாகாது என்பதை நமக்கும் அது உணர்த்துகிறது.

2014ஆம் ஆண்டு நடுவணரசு சமணர்க்குச் சிறுபான்மையினர் தகுதி வழங்கியது. அது நல்லதே. ஆயின், தமிழ் பேசும் சமணரை வடபுலத்தார் என எண்ணும் அண்டை வீட்டார்க்கு விடை கூறுவது அரசாணை அன்று. பகலிலேயே உண்பதும், நீரை வடிகட்டுவதும், பிறர் கருத்திலும் ஒரு கூறு உண்மை உண்டென ஏற்பதும் எவர் இசைவையும் வேண்டாதவை. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகள் இவற்றுள் ஒன்றையேனும் விடாது பற்றுவார்களாக. ஐந்து கழஞ்சும் அளவில் சிறியதே.

அறம் வாழ்க!