கூட்டுப் பொறுப்பு: யாருடைய கூட்டு? யாருடைய பொறுப்பு?

(தஞ்சையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘கூடி வாழ்தலும் பொறுப்புணர்வும்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கவிதை பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் ஒத்துக்கிட்டேன். தலைப்பைப் பார்த்ததும் பள்ளிக்கூடச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. யார் யாரோடு கூடுறது என்று எந்தச் சுவரும் சொன்னதில்லை.

கூடி வாழ்கிறவர்கள் பொறுப்பாக வாழ்கிறார்கள் என்பதை மறுக்க நான் வரவில்லை. அது உண்மைதான். ஆனா எல்லாக் கூட்டும் ஒரே கூட்டு இல்ல. எந்தக் கூட்டு மனுசனைப் பொறுப்பானவனா ஆக்குது, எந்தக் கூட்டு அவனை வெட்டியாளா ஆக்குது என்று பார்ப்பதற்கு நம்ம டெல்டாவை விட நல்ல இடம் கிடையாது.

குடிமராமத்திலிருந்து தொடங்கலாம். சூழலியல் பேசுகிறவர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள், மரபு பேசுகிறவர்கள் எல்லாரும் கொண்டாடுகிற சொல் அது. ஊரே கூடி வாய்க்கால் வெட்டியது, கரை கட்டியது. வெள்ளைக்காரன் பொதுப்பணித் துறையை வைத்ததும் மக்களுக்கு இருந்த பொறுப்பு போச்சு என்பது கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ‘ஊரே கூடி’ என்கிறார்களே, அந்த ஊரில் நாம் எங்கே இருந்தோம்? இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான் பெரிய கோயில். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரம் வருசத்துக்கு மேல் ஆகுது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் போடும்போது ஊர்நத்தம் தனியா வருது, பறைச்சேரி தனியா வருது. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வருது. கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்.

சரி, வாய்க்கால் வேலை எப்படி நடந்தது? ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், கோடையில் தூர் வாருவார்கள். ஒவ்வொரு மிராசுதாரும் தன் நிலத்துக்குத் தகுந்தபடி ஆள் அனுப்பணும். அவர் வரணும்னு இல்ல, கவனிங்க, ஆள் அனுப்பணும். அந்த ஆள் அவர் பண்ணையில் கிடந்த பள்ளரும் பறையரும். எத்தனை நாள் வேலை, எந்த வாய்க்கால் முதலில், எந்த மடையை எப்போ திறக்கிறது எல்லாம் கரையில் நின்றவர்கள் முடிவு. 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். பேரைக்கூட மறைக்கல. கரை உடைகிற ஆபத்து வந்தால் பக்கத்தில் இருக்கிற ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களில் உடம்பில் தெம்பு உள்ளவர்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது அந்தச் சட்டம். நிலம் வைத்திருக்கிறவர்களை என்று சொல்லவில்லை. வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யாவிட்டால் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்று இன்னொரு பிரிவு. ஊரே உற்சாகமாகக் கூடிச் செய்த வேலைக்கு எதுக்குய்யா இப்படி ஒரு சட்டம்?

கரை உடைந்தால் பள்ளத்தில் கிடந்த சேரிதான் முதலில் மூழ்கும். அதனால் மண் சுமந்த நம் பாட்டன்களுக்கும் அந்தக் கரைமேல் அக்கறை இருந்திருக்கும். அந்த அக்கறையை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை, முதுகைத்தான் கேட்டார்கள்.

அதே குடிமராமத்து என்ற பேரில் 2017இல் தமிழக அரசு திட்டம் கொண்டுவந்தது. பாசன விவசாயிகள் சங்கம் மூலமாக வேலை, பத்து சதவீதம் பயன்பெறுகிறவர்கள் பங்கு. மண்வெட்டிக்குப் பதிலா பொக்லைன். யார் ‘பயன்பெறுகிறவர்’? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். அந்தத் தண்ணியை நம்பி நாத்துப் பறித்து, நடவு நட்டு வயிறு வளர்க்கிற பொம்பளைக்கு அந்த வாய்க்காலில் பாத்தியதை கிடையாதா? இந்தக் கேள்வியை ஒரு சங்கத் தலைவரிடம் கேட்டேன். “அவங்களுக்கு நிலம் இல்லியே தம்பி” என்றார். கோபமாகக்கூடச் சொல்லல. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ லாகூரில் பேசுவதற்காகத் தயாரித்த உரை. அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்தார்கள். (பேசாத பேச்சுதான் தொண்ணூறு வருசமா நம்மைப் பேச வைக்குது.) பொறுப்பு பற்றி அதில் அவர் சொல்வது நம் தலைப்புக்கு நேராக வருகிறது. இந்துவுக்குப் பொது என்பதே அவன் சாதிதான். அவனுடைய பொறுப்பு சாதி எல்லையோடு நின்னு போகுது என்கிறார். அதே உரையில் ஜனநாயகம் வெறும் ஆட்சி முறை இல்லை, முதலில் அது கூடி வாழும் முறை என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கணும். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அவ்வளவு கடுமையாகச் சாடியவர் கூட்டு வாழ்க்கைக்கு எதிரி இல்லை. கிராமத்தில் இருப்பது கூட்டு வாழ்க்கை என்று நம்ப மறுத்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் நம்ம ஜனங்க உண்மையாகவே கூடியது எப்போது? 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் வந்தபோது என்று நான் சொல்வேன். தென்கன்னடத்திலிருந்து வந்த பி. சீனிவாசராவ் பேரை எல்லாரும் சொல்வார்கள், சொல்லத்தான் வேணும். சேரியிலிருந்தே எழுந்த களப்பால் குப்புவின் பேரையும் சேர்த்துச் சொல்லணும். 1948இல் திருச்சி சிறையில் செத்தவர். சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிற கொடுமைக்கும் எதிராக எழுந்த சங்கம் அது. கம்யூனிஸ்ட் கட்சி வர்க்கத்தைப் பேசி, சாதியைப் போதுமான அளவு பேசவில்லை என்ற நம் விமர்சனம் அப்படியே இருக்கட்டும். நான் சொல்ல வருவது வேற.

பண்ணையாளுக்கு அதுவரை தெரிந்தது ஆண்டைக்கு விசுவாசம். வேலைநிறுத்தம் என்று வந்தால் நிலைமை மாறிடுது. அறுப்பு நேரத்தில் ஒரு தெரு முழுக்க வயலில் இறங்காமல் நிற்கணும்னா பக்கத்துக் குடிசையில் அடுப்பு எரியுதான்னு பார்த்தாகணும். ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியாக் காரியக்காரர் வீட்டுப் பின்வாசலுக்குப் போய்ட்டா எல்லாமே போச்சு. இருக்கிற அரைமரக்கால் நெல்லை மூணு வீட்டுக்குப் பகிரணும். குடிச்சிட்டுச் சண்டை போடுறவனைத் தெருவே அடக்கணும். யாரும் பாடம் எடுக்காமலே பொறுப்பு வந்தது, ஏன்னா முடிவு அவர்களுடையது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தத் தெருக்கள் நின்ற நிலை இருக்கு.

ஆண்டைகளும் கூடினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்பதும் ஒரு சங்கம்தான். கூட்டம், தலைவர் எல்லாம் அங்கேயும் உண்டு. செங்கொடியை இறக்கிட்டு எங்க சங்கத்துக்கு வா என்று மிரட்டினார்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. வசதியானவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். பொறுப்பான மனிதன் யார் என்பதற்கு நீதிமன்றம் வைத்திருந்த அளவுகோல் சொத்து. ஒற்றுமை, கூட்டுறவு என்று யாராவது மொட்டையாகப் புகழும்போது எனக்கு அந்தச் சங்கமும் சேர்ந்தே ஞாபகம் வருது.

வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் அங்கே வந்து வேலை செய்ததில் 74 குடும்பங்களுக்கு 74 ஏக்கர் கிடைத்தது. பிறகு 1981இல் லாஃப்டி. வங்கிக் கடன் வாங்கி, ஆண்டைகளிடம் விலை கொடுத்து நிலம் வாங்கி, பெண்கள் பேரில் ஏக்கர் ஏக்கராகப் பதிவு செய்தார்கள். பறித்தவனுக்கே விலை கொடுப்பதா என்று நம்மில் பலருக்கு விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பட்டா பெண் பேரில் இருக்கிற வீட்டில் பேச்சு வேற மாதிரி இருக்கு.

இப்போ எனக்கு நேராகத் தெரிந்த இடத்துக்கு வர்றேன். வங்கியில் கிளார்க்காக இருக்கேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ‘குழு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலகம் இருக்கு.

ஒன்று சுய உதவிக் குழு. 1992இல் நபார்டு வங்கிகளோடு இணைத்த ஏற்பாடு. பத்திலிருந்து இருபது பெண்கள். முதலில் அவர்கள் சொந்தச் சேமிப்பு, அதற்குள்ளேயே கடன், அப்புறம்தான் வங்கி. யாருக்கு முதலில், எவ்வளவு வட்டி என்பதை அவர்களே பேசித் தீர்மான நோட்டில் எழுதுவார்கள். ஒரு சேரிக் குழுவில் ஒரு அம்மாவின் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்துட்டார். மூணு தவணையைக் குழுப் பணத்திலிருந்து கட்டுவது, நடவு தொடங்கினதும் அவர் சிறுகச் சிறுகத் திருப்புவது என்று எழுதிக் கைநாட்டோடு கொண்டுவந்தார்கள். அதே குழு, கையில் பணம் வைத்துக்கொண்டே கட்டாமல் இழுத்த இன்னொருத்தரைக் கவுண்டர் முன்னாலேயே பிடிபிடின்னு பிடித்தது. இயலாமை எது, ஏமாற்று எது என்று அவர்களுக்குத் தெரியும். எங்க மேனேஜருக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

இதையும் ரொம்பப் புகழ வேண்டாம். ஊர்த் தெருவுக்கு ஒரு குழு, சேரிக்கு ஒரு குழு என்றுதான் பெரும்பாலும் இருக்கு. கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரே பாயில் உட்கார்வார்கள். டீ வரும்போது சிலருக்கு மட்டும் அவசர வேலை வந்துடும்.

இன்னொன்று மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிக் குழு. கூட்டுப் பொறுப்புக் குழு என்றே பேர். தொகை, வட்டி, தவணை, நாள், நேரம் எல்லாம் கம்பெனி முடிவு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்டணும் என்கிற ஒன்றுதான் பெண்களுக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் கூரை போச்சு, தென்னை போச்சு, வேலை போச்சு. அப்பவும் வசூலுக்கு ஆள் வந்தது. வசூல் பையன் அதட்டக்கூட வேணாம். மற்ற நாலு பெண்களைக் கட்டாதவள் வீட்டுத் திண்ணையில் இருட்டுகிற வரைக்கும் உட்கார வைத்தால் போதும். நேற்று வரை கைமாத்து கொடுத்துக் கொண்டிருந்தவர்கள் அவள் அண்டா குண்டாவை எடுத்து வெளியே வைக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு 2010இல் அவசரச் சட்டம் வந்தது. இங்கே 2025இல்தான் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது.

அந்தத் திண்ணைக்கும் 1858 சட்டத்துக்கும் எனக்கு ரொம்ப தூரம் தெரியல. இரண்டிலும் சுமை பொது, சொல் பொது இல்லை. சேரியில் பொறுப்பு இல்லை, கட்டுப்பாடு இல்லை, கொடுத்ததைக் காப்பாத்தத் தெரியாது என்று ஆபீஸில் என் காதுபடவே பேசுகிறவர்களுக்கு நான் தீர்மான நோட்டைக் காட்டுவேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். கோடை லீவில் ஊருக்குப் போனால் மூன்றைப் பாருங்க. பாசன சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வாங்கி, சேரியிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்க. கொடுக்க மாட்டார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. உங்க அம்மாவோ அத்தையோ இருக்கிற குழுவின் தீர்மான நோட்டை உட்கார்ந்து படிங்க. கம்பெனிக் கடன் வாங்கினவர்களிடம் அந்த நிபந்தனைத் தாளைக் கேளுங்க, அதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்றும் கேளுங்க. மூணையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. லாஃப்டி பற்றி நான் சொன்னதுக்குப் பின்வரிசையில் இரண்டு தோழர்கள் தலையாட்டி மறுத்ததைப் பார்த்தேன். அவங்க முதலில் பேசட்டும்.