அண்டை வீட்டாரை அறிவோம், அச்சம் தவிர்ப்போம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகர்ப்புறக் குடியிருப்புகளில் நிகழும் குற்றச் செயல்களைப் பற்றியும், தங்கள் பாதுகாப்பைப் பற்றியும் அங்கு வாழும் மக்கள் என்ன கருதுகிறார்கள் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். நகரத்துக் கவலை தோட்டத்து மக்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1970ஆம் ஆண்டில் மலேசிய மக்களில் நூற்றுக்கு 28 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை நூற்றுக்கு 75 ஆக உயர்ந்துவிட்டது. அவ்வாறு நகரம் சென்றவர்களுள் நம் உடன்பிறந்தோரும், நாம் பெற்ற பிள்ளைகளும் உள்ளனர்.

இன்னுமொரு தொடர்பும் உண்டு. பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களில் எபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1970களில் சீபீல்டு தோட்டத்து நிலத்தில் எழுந்தது. பால்மரங்கள் நின்ற மண்ணில்தான் இன்று தாமான்கள் நிற்கின்றன. அங்கு வாழும் மக்களின் அச்சம் நமக்கு அந்நியமானதன்று.

குடியிருப்பாளர் கூட்டங்களில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கருத்துகள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, "முன்பெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே உறங்கினோம்; இப்போது பகலிலேயே அச்சமாக இருக்கிறது" என்பது.

காவல் துறையினர் கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு முதலியவற்றைக் குறியீட்டுக் குற்றங்கள் என்று தொகுத்துக் கணக்கிடுகின்றனர். 2009ஆம் ஆண்டில் இவை இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டிருந்தன. 2010ஆம் ஆண்டு முதல் குற்றக் குறைப்பு அரசாங்கத்தின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் பதிவான தொகை ஏறத்தாழ 51 ஆயிரம். கணக்கு இவ்வளவு இறங்கியும் மக்கள் மனத்திலுள்ள அச்சம் அதே அளவில் இறங்கவில்லையே, அது ஏன்?

நாடு முழுவதற்குமான கணக்கை எவரும் தம் வீட்டு வாசலில் நின்று பார்ப்பதில்லை. தம் சந்தில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால், அந்த ஒன்றே அத்தெருவினர்க்கு நூறாகத் தெரிகின்றது. மேலும், கணக்கில் ஏறுபவை புகார் செய்யப்பட்ட குற்றங்கள் மட்டுமே. ஆகவே, கணக்கைக் காட்டி மக்களின் அச்சத்தை ஒதுக்குவதும் முறையன்று. அச்சத்தைக் காட்டிக் கணக்கைப் பொய்யென்பதும் முறையன்று. அச்சத்திற்கும் ஒரு விலை உண்டு. மகளை மாலை வகுப்பிற்கு அனுப்பத் தயங்கும் தாயும், கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்ட முதியவரும் அவ்விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கருத்து, "புகார் செய்து என்ன பயன்? பொருள் திரும்பி வரவா போகிறது?" என்பது.

இது மனம் நொந்தவர்களின் கேள்வி. இதனை நாம் எளிதாக எண்ணலாகாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வீடுகளில் களவு போய், இரண்டு வீட்டார் மட்டும் புகார் செய்தால், அத்தெருவில் நிகழ்ந்த குற்றங்கள் இரண்டு என்றே ஏட்டில் இருக்கும். எந்த வட்டாரத்திற்கு ரோந்து தேவை என்பதை ஏட்டில் உள்ளதைக் கொண்டுதானே அறிய முடியும்? வாய் மூடிய தெரு அமைதியான தெருவாகவே தோன்றும்.

எழுதத் தெரியாதே, மலாய் மொழியில் சொல்ல வராதே என்று நம்மவர் பலர் பின்வாங்குகின்றனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லப்படும் புகாரைக் காவல் அதிகாரி எழுத்தில் பதிவு செய்து, சொன்னவர்க்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். படித்துக் காட்டப்பட்டது நாம் சொன்னதற்கு மாறாக இருந்தால், கையொப்பமிடுவதற்கு முன்பே எடுத்துச் சொல்ல வேண்டும். தனியே செல்ல அஞ்சுவோர் மொழி தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லலாம்.

புகார் கொடுத்த பின் எச்செய்தியும் வரவில்லை என்பது அடுத்த குறை. 2007ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 107ஏ பிரிவு இதற்கு வழி செய்துள்ளது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கடந்திருந்தால், விசாரணை எந்நிலையில் உள்ளது என்று புகார் கொடுத்தவர் அதே காவல் நிலையத்தில் கேட்கலாம். விசாரணைக்கு ஊறு நேராத அளவில், இரண்டு வாரத்திற்குள் நிலைமை அறிக்கை அளிக்கப்பட வேண்டும். கிடைக்காவிடில் அரசாங்க வழக்குரைஞரிடம் முறையிடலாம். இவ்வுரிமையை அறியாமலே, "ஒன்றும் நடக்காது" என்று வீட்டில் இருந்துவிடுவோர் ஏராளம்.

மூன்றாவது கருத்தைச் சொல்லும்போது நமக்குச் சற்று மனவருத்தம் உண்டாகின்றது. "எல்லாம் அந்த அடுக்குமாடிப் பையன்களின் வேலை" என்பதே அது.

எந்த அடுக்குமாடி? தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் உடைபட்டபோது, வேறு இடமின்றி வந்தவர்கள் குடியேறிய அடுக்குமாடி. அப்பையன்களுள் நம் பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுள் தவறு செய்வோர் எவருமே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. குண்டர் கும்பல்களில் சேர்ந்து கெட்ட இளைஞர்களால் கண்ணீர் வடிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். எனினும் ஒருவர் செய்த குற்றத்திற்காக ஒரு கட்டடம் முழுவதையும், ஓர் இனம் முழுவதையும் ஐயத்தோடு நோக்குவது நீதியாகுமா? வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் இளைஞனைக் கண்டு மூன்று வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டால், அவன் மனம் என்ன பாடுபடும்?

இங்கே தோட்ட வாழ்வின் அனுபவம் ஒன்று நமக்கு வழிகாட்டுகின்றது. லயத்தில் ஒரு பையன் குறும்பு செய்தால், "இவன் இன்னார் மகன்" என்று எல்லாருக்கும் தெரியும். பத்து வீடு தள்ளி இருக்கும் பெரியம்மாவும் அதட்டுவார். மாலைக்குள் செய்தி தகப்பனாருக்குப் போய்விடும். அப்பையன் செய்யாத குற்றத்தை அவன்மேல் சுமத்தினாலோ, "அவன் அப்படிப்பட்டவன் அல்லன்" என்று சொல்லவும் அதே பெரியம்மா இருப்பார். இன்னார் மகன் என்ற அறிமுகம் வீட்டையும் காத்தது, பையனையும் காத்தது. நகரத்திற்குச் சென்றபோது நாம் இழந்தது இதனையே. அங்கே அவன் எவர் மகனும் அல்லன், வெறும் அந்நியன். தட்டிக் கேட்கவும் ஆளில்லை. தாங்கிப் பேசவும் ஆளில்லை.

தோட்ட வாழ்வில் துன்பமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குடியும் சண்டையும் அங்கும் இருந்தன. ஆனால் அண்டை வீட்டாரின் பெயர் தெரியாமல் எவரும் வாழ்ந்ததில்லை.

நான்காவது கருத்து, "மதில் எழுப்புவோம், தடுப்புக் கம்பம் போடுவோம், காவலர் வைப்போம்" என்பது.

பல தாமான்களில் மக்கள் மாதந்தோறும் பணம் திரட்டிக் காவலர்களை அமர்த்தியுள்ளனர். இதனைக் குறைகூற இயலாது. ஆயினும் சாலை பொதுச் சாலை என்பதை மறத்தலாகாது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு 2010ஆம் ஆண்டில் இதற்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. குடியிருப்பாளர்களில் பெரும்பான்மையோரின் இசைவும், ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் வேண்டும். பொதுச் சாலையை முற்றாக அடைத்தல் கூடாது.

சட்டம் ஒருபுறம் இருக்க, தடுப்புக் கம்பத்தால் வாகனத்தைத்தான் நிறுத்த முடியும். உள்ளே வருபவர் யார் என்று அதற்குத் தெரியாது. பணம் கட்ட வசதியுள்ள தாமானில் வழி அடைபட்டால், வசதியில்லாத அடுத்த குடியிருப்பைத் திருடன் நாடக்கூடும். மதிலுக்குள் இருப்போரும் ஒருவரையொருவர் அறியாதிருந்தால், பக்கத்து வீட்டுப் பொருள்களை லாரியில் ஏற்றிச் செல்வதைக் கண்டும், வீடு மாறுகிறார்கள் போலும் என்று இருந்துவிடுவார்கள்.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன?

அண்டை அயலார் ஒற்றுமைக்கென ருக்குன் தெத்தாங்கா இயக்கம் 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்நாளில் ஆண்கள் முறைவைத்து இரவு ரோந்து செல்வது கட்டாயமாக இருந்தது. 1980களில் நல்லுறவு வளர்க்கும் பணிகளுக்கு முதன்மை தரப்பட்டது. 2012ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டம் தன்னார்வ ரோந்துத் திட்டத்திற்கு இடமளித்துள்ளது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் ஒரே இரவில் ஒரே தெருவைச் சேர்ந்து சுற்றி வரும்போது, திருடன் விலகுவதோடு மனத்தடைகளும் விலகுகின்றன. "அடுக்குமாடிப் பையன்" என்று அழைக்கப்பட்டவனே விளக்கேந்தி நம்மோடு நடக்கும்போது, அவன் பெயர் நமக்குத் தெரிந்துவிடுகின்றது.

ஆனால் ரோந்து செல்வோர் ஒன்றை உறுதியாக மனத்திற் கொள்ள வேண்டும். தன் கண்ணெதிரே பிணையில் விடத்தகாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புரிபவனைப் பிடிக்கப் பொதுமக்களுக்குச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதி தருகின்றது. பிடித்தவனைத் தாமதமின்றிக் காவல் துறையிடம் ஒப்படைத்தல் வேண்டும். கட்டி வைத்து அடிக்க எவர்க்கும் உரிமை இல்லை. திருடனை அடித்தவன் தானே குற்றவாளியாகிச் சிறைக்குச் செல்ல நேரிடும். கையில் ஆயுதம் இருப்பவனை நெருங்காமல் 999 எண்ணை அழைப்பதே அறிவுடைமை.

அடுத்து, தெருவின் அமைப்பு. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய பண்டார் செலாமாட் எனும் பாதுகாப்பான நகரத் திட்டம், நடைபாதையைச் சாலையிலிருந்து தடுப்பிட்டுப் பிரிப்பது, இருண்ட இடங்களுக்கு விளக்கிடுவது, பார்வையை மறைக்கும் புதர்களை அகற்றுவது ஆகியவற்றை வற்புறுத்தியது. மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறிப்போருக்கு ஓரமற்ற சாலையும் இருளுமே துணை. எரியாத தெருவிளக்கின் கம்பத்து எண்ணைக் குறித்து ஊராட்சி மன்றத்திற்குத் தெரிவிப்பது ஒரு சிறிய பணி. ஆனால் அதனைச் செய்வோர் சிலரே. தாய்மார்கள் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு நடந்து, கைப்பையைச் சாலைக்கு மறுபுறத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

நிறைவாக, இங்குள்ள பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பட்டணத்தில் வீடு எடுத்திருக்கும் உங்கள் மகனையோ மகளையோ அடுத்த முறை காணும்போது, இரும்புக் கதவு போட்டாயா, பூட்டு வாங்கினாயா என்று கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். அதன் பின், இடப்பக்கத்து வீட்டார் பெயர் என்ன, வலப்பக்கத்து வீட்டார் பெயர் என்ன என்று கேளுங்கள். விடை தெரியாவிடில், நீங்களே பலகாரம் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவ்வீடுகளுக்குச் சென்று, "நாங்கள் இந்தப் பிள்ளையின் பெற்றோர்" என்று அறிமுகம் செய்துகொண்டு வாருங்கள். அவர் மலாய்க்காரராயினும் சீனராயினும் தயங்க வேண்டாம். அன்று முதல் உங்கள் பிள்ளை அத்தெருவில் அந்நியன் அல்லன். இன்னார் மகன், இன்னார் மகள். அவசரத்தில் அவ்வீட்டுக் கதவைத் தட்ட உங்கள் பிள்ளைக்கும் இனித் தயக்கம் இராது.