எழுதித் தரும் கருவியும் எண்ணிப் பார்க்கும் மனிதனும்

தபால் நிலைய வாயிலில் அமர்ந்து, பிறருக்காக மணியார்டர்ப் படிவம் எழுதிக் கொடுத்தவர்களை நேயர்கள் பலர் நினைவுகூரக் கூடும். படிவத்தின் கட்டங்களை அவர் பிழையின்றி நிரப்புவார். ஆனால், தொகை சரிதானா என்பதற்கு அனுப்புகிறவரே பொறுப்பாளி. இணையச் சேவைகளுக்கு நிரல் எழுதித் தரும் கருவிகளின் நிலையும் இத்தகையதே.

இணையச் சேவை என்பது யாது? ஒரு கணிப்பொறி மற்றொரு கணிப்பொறியிடம் வலையின் வழியாக ஒரு வேலையைக் கேட்டுப் பெறும் ஏற்பாடே அது. பயணச்சீட்டு விற்கும் நிரல், கட்டணத்தைப் பெற்றுத் தருமாறு வங்கியின் கணிப்பொறியைக் கேட்பது ஓர் உதாரணம். கேள்வியின் வடிவம் என்ன, விடையின் வடிவம் என்ன என்பவற்றை முன்கூட்டியே ஓர் ஒப்பந்த ஏட்டில் வரையறுக்கிறார்கள். 2001ஆம் ஆண்டில் வெளியான டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 அத்தகைய ஏட்டை எழுதுவதற்குரிய மொழியாகும்.

இவ்வேட்டைப் படித்து, செய்தியைக் கட்டி அனுப்பவும் விடையைப் பிரித்து அறியவும் வேண்டிய நிரலைக் கையால் எழுதுவது சலிப்பூட்டும் வேலை. பிழை நேர்வதும் எளிது. ஆதலின், கருவியின் பெயரையும் ஏட்டின் முகவரியையும் ஒரே கட்டளை வரியில் தட்டச்சு செய்தால், கருவியே அந்நிரலை எழுதிவிடுமாறு செய்தனர். இக்கருத்து புதியதன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிர்ரல், நெல்சன் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டிலேயே இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

இனி, கருவியால் இயலாதது எது என்பதைக் காண்போம். ஒப்பந்தத்தில் ‘தொகை, முழு எண்’ என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். கேட்பவர் ஐந்நூறு ரூபாய் என்று எண்ணி 500 என அனுப்புகிறார். பெறுபவரோ அதனைப் பைசாவாகக் கொள்கிறார். ஐந்நூறு ரூபாய் ஐந்து ரூபாயாகிவிடுகிறது! இரு பக்கமும் கருவி எழுதிய நிரல் குற்றமற்றது. எண்ணும் முழு எண்ணே. எனவே எச்சரிக்கை ஏதும் எழாது. ஒப்பந்தத்தின் குறையைக் கருவி அப்படியே படியெடுத்துப் பரப்பிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் யாது? உண்டான நிரலில் கை வைப்பதன்று. மறுமுறை கட்டளையிடும்போது அத்திருத்தம் அழிந்துபோகும். ‘பைசாவில் தொகை’ என்று ஒப்பந்தத்தையே திருத்தி, நிரலைப் புதிதாக உண்டாக்குவதே முறை.

கருவிகளும் நிலையானவை அல்ல. 2006இல் ஜாவா 6உடன் சேர்த்து வழங்கப்பட்ட ‘டபிள்யூ.எஸ். இம்போர்ட்’ என்னும் கருவி, 2018இல் வெளிவந்த ஜாவா 11இல் நீக்கப்பட்டது. ஒப்பந்த ஏட்டையும் கட்டளை வரியையும் பத்திரப்படுத்தியிருந்தவர்கள் அக்கருவியைத் தனியே பெற்றுப் பணியைத் தொடர முடிந்தது. உண்டான நிரலை மட்டும் வைத்திருந்தவர்களுக்கோ, அதனைத் திரும்ப உண்டாக்கும் வழியே தெரியாத நிலை.

எழுதும் உழைப்பைக் கருவியிடம் ஒப்படைக்கலாம், அதில் தவறில்லை. எதை எழுதச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் கடமையை மட்டும் ஒருபோதும் ஒப்படைக்க இயலாது.