குறட்டை விடும் மாடு



மாடு மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்டால், சளி என்றெண்ணிக் கஷாயம் புகட்டுகிறோம். சளி பல நாள் நீடித்து, மூக்கினுள் பூக்கோசு போன்ற வளர்ச்சியும் கண்டால், அது பெரும்பாலும் இரத்தப் புழுவின் வேலை. சென்னை மாகாணத்தில் எம். ஏ. என். ராவ் என்பவர் 1933ஆம் ஆண்டிலேயே இப்புழுவை விவரித்து எழுதினார்.

ஆணும் பெண்ணுமாக இப்புழுக்கள் மூக்கின் இரத்தக் குழாய்களில் குடியிருக்கின்றன. முட்டைகள் சளியோடு குட்டையில் விழுகின்றன. அவற்றினின்று வரும் குஞ்சுகள், ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட தட்டை நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகி, மீண்டும் நீருக்கு வருகின்றன. பின்னர் மாட்டின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. ஆகவே நீரைக் குடிக்க வேண்டுமென்பதில்லை. அதில் நின்றாலே போதும். குட்டையில் இறங்கிய நமக்குக் காலில் அரிப்பு உண்டாவதும் சில சமயம் இவ்வினப் புழுக்களால்தான்.

மூச்சு முட்டும் எருது ஏரிழுக்காது. அதனைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. ஆனால் குணமான மாட்டை அதே குட்டையில் இறக்கினால் செலவு வீண்.

மயில்துத்தம் போட்டால் நத்தை சாகும்; மீனும் சாகும். மீன் குத்தகைக்கு விட்ட குட்டைகளில் இதை நாம் ஆதரிப்பதற்கில்லை. வாத்து விடலாம், அது நத்தையைத் தின்னும். எனினும் உறுதியான வழி, கரைமேல் தொட்டி கட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிரப்பி, குடிப்பாட்டுவதையும் குளிப்பாட்டுவதையும் அங்கேயே வைத்துக்கொள்வதாகும். எருமையை என்ன செய்வது என்பீர்கள். அது பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமலே முட்டைகளைப் பரப்பும். அதற்கெனத் தனிக் குட்டை ஒதுக்குங்கள்.