பிசிராந்தையார் சொன்ன கணக்கு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்குத் தூறலையும் பொருட்படுத்தாது வந்து, நாற்காலி கிடைக்காமையால் வாசற்படி வரையில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே!

முதுமையில் தேகமும் மனமும் திடமாயிருக்கும் வழியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சென்ற வாரம் இதே தெருவின் மறுகோடியில் பந்தலிட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஒரு மண்டலம் உண்டால் எண்பது வயதுக் கிழவரும் இருபது வயதுக் காளையாவார் என்று முழங்கி, டப்பா டப்பாவாக லேகியம் விற்றுச் சென்ற மகானுபாவர்கள் இங்கே வந்திருக்கிறார்களோ, அறியேன். வந்திருந்தால் ஒரே ஒரு கேள்வி: காளையாக்கும் லேகியம் கையிலிருக்க, விற்றவர் தலைக்குச் சாயம் எதற்கு? கைதட்டல் போதும், நேரம் குறைவு.

புறநானூற்றுக்கு வாருங்கள். சாமிநாதையர் அவர்கள் 1894-இல் அதை அச்சேற்றித் தந்த புண்ணியத்தால் நமக்குக் கிடைத்த செய்தி இது. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, அவனை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டறியாத பாண்டிநாட்டுப் பிசிராந்தையார், கேள்வியால் வளர்ந்த சிநேகம் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தார். வயதோ மிகுதி, தலையிலோ நரையில்லை. இதென்ன விந்தை என்று சான்றோர் வினவ, புலவர் சொன்ன விடையில் நெல்லிக்காயும் இல்லை, கரிசலாங்கண்ணியும் இல்லை. குணத்தாற் சிறந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன், இவற்றுக்கும் மேலாக, அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் என்று கணக்குக் கொடுத்தார். ஊரையும் சேர்த்தார், கவனியுங்கள்!

நம் ஊர் அந்தக் கணக்கில் தேறுமா? இந்த வாசகசாலையின் முகப்பிலிருந்த திண்ணையை, ஸ்கூட்டர் நிறுத்த இடம் போதவில்லை என்று இடித்த புண்ணியவான்கள் யாரென்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அந்தத் திண்ணையிலே மாலைதோறும் அமர்ந்து, கண் மங்கியவர்களுக்காகப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபிப்பார். தபால் இலாகாவை விட்டும் நடையை விடாதவர். குளக்கரையைச் சுற்றி வந்தபின்பே காப்பி.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கவேண்டும், முதியோர் 3 நாளாவது கால் வலுவுக்கும் நிலை தடுமாறாமைக்கும் பயிற்சி செய்யவேண்டும், உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் இன்று சொல்கிறது. பெரியவர் யார் சொல்லியும் நடக்கவில்லை. நடந்து போய்ச் சேர்வதற்கு ஒரு திண்ணை இருந்தது, நடந்தார்.

திண்ணைக்கு நடந்து சேர்ந்தால் போதாது, அங்கே பேசுவது காதிலும் விழவேண்டும். காது மந்தமானவரைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் சிரித்து முடித்தபின் ஒரு கணம் தாமதித்துச் சிரிப்பார். பிறகு எதற்கும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டுவார். பிறகு வீட்டை விட்டு வருவதையே நிறுத்திவிடுவார். பேச்சுத் துணை போனால் ஞாபகமும் தளர்கிறது. மறதிநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றுள் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று 2024-இல் லான்செட் ஆய்வுக்குழு பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவதும், சமூகத்தோடு உறவற்றிருப்பதும் அதில் உண்டு. மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் காதுக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்?

பேச்சுத் துணைக்குக் கருத்து ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை; இராஜாஜியையும் பெரியாரையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் மரக்கறி, மற்றவர் புலால். ஒருவர் ஆத்திகர், மற்றவர் நாத்திகர். மேடைக்கு மேடை ஒருவரையொருவர் கண்டித்தும் சிநேகம் முறியாதவர்கள். 1972-இல் ஒருவர், 1973-இல் ஒருவர், இருவருமே 94 வயதில் மறைந்தார்கள்! பெரியார், உயிர் பிரிவதற்கு ஐந்து நாள் முன்பு, சிறுநீர்க் குழாய் பொருத்திய தேகத்தோடு தியாகராய நகரில் மேடையேறிப் பேசினார். அவர் எந்த லேகியம் உண்டார்? நண்பர்களே, லேகியக்காரர்களைக் கேளுங்கள்; அடுத்த வாரம் அவர் படத்தையும் டப்பாவில் ஒட்டிவிடுவார்கள்!

தலைவர் இரண்டாம் முறையாக மணி அடிக்கிறார். தூக்கத்தையும் புகையிலையையும் பற்றிச் சொல்ல வந்தேன்; தூக்கம் வேண்டும், புகையிலை வேண்டாம், அவ்வளவுதான். தீர்மானத்தை முன்மொழிந்துவிடுகிறேன். வாசகசாலையின் திண்ணை மீண்டும் கட்டப்படவேண்டும். மாலை வெயில் படாமல் கிழக்கு முகமாக இருக்கவேண்டும். முழங்கால் வலிக்காரர் பிடித்து ஏறக் கைப்பிடியும் வேண்டும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். ஸ்கூட்டர்க்காரர்களும் தூக்கலாம், உங்களுக்கும் ஒருநாள் எழுபது வயதாகும்!